தொடங்காத நாள்களின் வரலாறு

கடந்த மாதம் நாயுடுபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்து ஒரு கணினியை நானே பொருத்தினேன். ஆந்திர, தமிழக எல்லையோர ஊர்களில் முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் பதிவுசெய்த பேச்சு 100 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அதை ஒலிப்பகுப்பாய்வு செய்ய என் பழைய மடிக்கணினியால் இயலவில்லை. ஆய்வுக் குழுவின் முன் மூன்றாம் இயலை வைக்க 18 நாள்களே இருந்தன. உதவித்தொகையிலிருந்து சேர்த்து வைத்த பணம் முழுவதும் மேசைமேல் அட்டைப்பெட்டிகளாகக் கிடந்தது. எல்லாவற்றையும் பொருத்தி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுழன்றன. திரை இருண்டே இருந்தது.

அரை நிமிடம் பார்த்தேன்; அணைத்தேன். மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அணைத்தேன். மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தபின், கேபினெட்டைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் ஓர் இளைஞரிடம் கொண்டுசென்றேன். 'செத்துப் போய்விட்டது' என்று தெலுங்கில் முறையிட்டேன். அவர் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "டெட் காது அக்கா, டிஸ்ப்ளே ராவட்லேது" என்றார். சாகவில்லை, காட்சிதான் வரவில்லை என்பது அதன் பொருள்.

மொழியியல் பயின்றவள் என்பதால் அந்த வாக்கியம் என்னை நிறுத்தியது. எனக்கு ஒன்றாகத் தெரிந்த நிலையை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். பழுதுபார்ப்போர் வழக்கில் 'டெட்' என்பது மின்சாரமே உள்ளே செல்லாத நிலை, விசிறியும் சுழலாது. 'டிஸ்ப்ளே வரவில்லை' என்பது மின்சாரம் சென்றும், கணினி தன் தொடக்கச் சோதனைகளைக் கடந்து திரைவரை வந்து சேராத நிலை. முதலாவதில் ஐயம் பவர் சப்ளையின் மீதும் அதன் இணைப்புகளின் மீதும் விழும். இரண்டாவதில் ராம், பிராசசர், வரைகலை அட்டை ஆகியவற்றின் மீது விழும். இரண்டு சொற்களுக்குள் ஒரு நோய்க்குறி நூல் அடங்கியிருந்தது. இந்த அறிவு எங்கிருந்து வந்தது, எத்தனை பேருடைய தொடங்காத நாள்கள் அதற்குள் படிந்திருக்கின்றன என்ற கேள்வியே இப்பதிவுக்குக் காரணம்.

*

கணினியின் வரலாற்றை நாம் வெற்றி நாள்களின் வரிசையாகவே கற்கிறோம். 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சிறிய சோதனை இயந்திரம், நினைவகத்தில் சேமித்த நிரல் ஒன்றை முதன்முதலாக இயக்கியது. 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜில் எட்சாக் இயங்கியது. பாடநூல்களில் இந்நாள்கள் இடம்பெறுகின்றன. ஓர் இயந்திரம் கட்டி முடிக்கப்பட்ட நாளுக்கும் அது இயங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் அவற்றில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. ஆனால் அறிவு உருவான காலம் பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.

மான்செஸ்டர் இயந்திரத்தை டாம் கில்பர்னுடன் உருவாக்கிய ஃபிரெடி வில்லியம்ஸ் பிற்காலத்தில் அந்த இடைவெளியை நினைவுகூர்ந்திருக்கிறார். தொடக்க விசையை அழுத்தியதும் திரைக்குழாயிலிருந்த ஒளிப்புள்ளிகள் வெறிகொண்டு ஆடத் தொடங்கினவாம். அந்த ஆட்டம் எந்த விடையிலும் சென்று முடியவில்லை. அதைவிடக் கொடியதாக அவர் குறிப்பிடுவது, எங்கே தவறு என்பதற்கு ஒரு தடயமும் கிடைக்காமற்போனதைத்தான். பிறகொரு நாள் ஆட்டம் நின்று, எதிர்பார்த்த விடை எதிர்பார்த்த இடத்தில் ஒளிர்ந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் தேதி அந்த இறுதி நாளுடையது. தடயமின்மையே முதன்மைச் சிக்கல் என்ற அவருடைய கூற்றை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

தொடங்குவதே ஆபத்தான செயலாகவும் இருந்தது. 1946இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் எனியாக் இயந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. குழாய்களில் பெரும்பாலானவை பழுதானது கணக்கிடும்போதன்று. இயந்திரம் சூடேறும்போதும் குளிரும்போதும்தான். எனவே இயன்றவரை அதை அணைக்காமலே வைத்திருந்தனர்.

எட்சாக் வேறொரு வினாவுக்கு விடை கண்டது. நினைவகம் வெறுமையாக இருக்கும் இயந்திரத்துக்கு முதல் கட்டளையை யார் கொடுப்பது? நிரலைப் படிக்கவும் ஒரு நிரல் வேண்டும். அதைப் படிக்க மற்றொன்று வேண்டும். டேவிட் வீலர் 31 கட்டளைகள் கொண்ட ஒரு சிறு தொகுதியை எழுதினார். அது தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் விசைகளில் நிலையாகப் பதிக்கப்பட்டது. விசையை அழுத்தினால் அக்கட்டளைகள் நினைவகத்தில் ஏறும். பின்னர் அவை காகித நாடாவிலிருந்து முழு நிரலையும் படித்து ஏற்றும்.

இச்செயலுக்கு வந்து சேர்ந்த பெயர்தான் நாம் இன்றும் சொல்லும் 'பூட்' என்பது. காலணியின் பின்புறமுள்ள வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலத்தில் இயலாத செயலைக் கேலி செய்யும் தொடர். 1950களின் தொடக்கத்தில், ஐபிஎம் 701 போன்ற இயந்திரங்கள் ஒரே பொத்தானில் தம்மைத் தாமே நிரப்பிக்கொள்ளத் தொடங்கியபோது, பொறியாளர்கள் அந்தக் கேலித்தொடரையே கலைச்சொல்லாக்கினர். இயலாமையைக் குறித்த சொல் அன்றாடச் செயலின் பெயராயிற்று. நாம் அதை 'பூட் ஆகவில்லை' என்று எதிர்மறையில் சொல்லும்போது, அதன் பழைய பொருள் ஒரு கணம் உயிர்பெறுவதாக எனக்குத் தோன்றும்.

'பக்' என்ற சொல்லின் கதையையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 இயந்திரத்தில் ஒரு அந்துப்பூச்சி சிக்கியதால்தான் கணினிப் பிழைக்கு அப்பெயர் வந்தது என்று பலரும் எழுதுகின்றனர். அது நாட்டார் சொற்பிறப்பியல். எடிசன் 1878லேயே தம் கடிதமொன்றில் கருவிகளின் குறைபாடுகளை அச்சொல்லால் குறித்திருக்கிறார். ஹார்வர்டு குழுவினர் பழைய சொல்லின் பின்புலத்தில்தான், உண்மையான பூச்சியே கிடைத்துவிட்டதென்று வேடிக்கையாக எழுதி அதைப் பதிவேட்டில் ஒட்டினர். சொற்பிறப்பாக அக்கதை தவறு. ஆவணமாக அது அரியது. உலகெங்கும் இயந்திரங்கள் எண்ணற்ற நாள்கள் இயங்காமல் நின்றிருக்கின்றன. அவற்றுள் ஒரு நாள் மட்டும் இத்தனை புகழ்பெற்றதற்குக் காரணம், அன்று யாரோ ஒருவர் பழுதின் காரணத்தை ஒரு தாளில் ஒட்டி வைத்ததே.

*

இந்தியாவுக்கு வருவோம். 1950களின் நடுப்பகுதியில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற கணினி வந்தது. அது இறக்குமதி. அந்த வடிவமைப்பு இயங்கும் என்பது வேறிடத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டுகளில் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியில் சென்றது. கணினியைத் தானே கட்டத் துணிந்தது. அப்பணியை வழிநடத்தியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954இல் ஹோமி பாபாவின் நிறுவனத்தில் சேர்ந்தவர். அவருடன் சேர்ந்த இளைஞர் குழுவுக்கு அதுவரை கணினியோடு பழக்கமே இல்லை.

அவர்கள் முழு இயந்திரத்தையும் ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் சிறியதொரு முன்னோடி இயந்திரத்தைக் கட்டினர். அது 1956இல் இயங்கியது. அதில் தெளிந்தவற்றைக் கொண்டு முழு இயந்திரத்தை 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தனர். 1962இல் ஜவஹர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானிய டயோடுகள், 12,500 மின்தடைகள். 40 பிட் கொண்ட 2,048 சொற்களைத் தாங்கும் ஃபெரைட் வளைய நினைவகம். கணக்கிட்டால் அந்நினைவகம் 10 கிலோபைட். என் மேசைமேல் இயங்க மறுத்த கணினியின் 16 ஜிகாபைட் ராம் அதைப்போல் ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு.

டிஃப்ராக்கைப் பற்றிப் பொதுவாக மேற்கோள் காட்டப்படுவன இந்த எண்களும் பெயர்சூட்டு விழாவுமே. ஆனால் என் கவனத்தை ஈர்த்தது வேறொரு விவரம். அவ்வியந்திரம் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டத்தில் அமைந்திருந்தது. சட்டம் தனித்தனிக் கூறுகளாகச் செய்யப்பட்டு, ஒவ்வொரு கூறுக்கும் இருபுறமும் எஃகுக் கதவுகள் வைக்கப்பட்டிருந்தன. அக்கதவுகள் உள்ளே கை விடுவதற்கானவை. பழுது வரும், அது எந்தக் கூறில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், இருபுறமிருந்தும் எட்ட வேண்டியிருக்கும் என்பதை வடிவமைப்பே ஒப்புக்கொண்டிருந்தது. எழுதப்படாத பழுதுகள் ஓர் இயந்திரத்தின் உடலில் கதவுகளாக எஞ்சியிருக்கின்றன. தொல்லியலாளர் தரையின் தேய்வைக் கொண்டு நடமாட்டத்தை ஊகிப்பதுபோல, நாம் கதவுகளைக் கொண்டு தேடல்களை ஊகிக்கலாம்.

மொழியியல் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: இதே நரசிம்மன் பிற்காலத்தில் குழந்தைகள் மொழியைப் பெறும் முறையை ஆராய்ந்தார். மொழி நடத்தையைப் பற்றி 1981இல் நூலும் வெளியிட்டார். தமிழ்க் குழந்தை ஒன்றின் பேச்சைப் பதிவுசெய்த அவருடைய தரவு, குழந்தைமொழி ஆய்வாளர்களின் பன்னாட்டுத் தரவகத்தில் இடம்பெற்றுள்ளது. தொடங்குதல் என்னும் சிக்கல் அவரை இயந்திரத்திலிருந்து குழந்தைக்கு அழைத்துச் சென்றது என்று கருத இடமுண்டு.

*

பம்பாயிலிருந்து என் ஊர்ப்பக்கம் திரும்புகிறேன். நாயுடுபேட்டையிலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையில் சூலூர்பேட்டை இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே புலிக்காட் ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுகலம் மேலெழும் நாள்களில் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே அதன் புகைக்கோட்டைப் பார்த்து வளர்ந்தேன். 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 புறப்பட வேண்டியிருந்தது. திட்ட இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்.

ஏவுவதற்கு முன் ஏவுகலத்தின் ஒவ்வொரு பகுதியின் அளவீட்டையும் கணினி வாங்கி, அனுமதிக்கப்பட்ட எல்லையோடு ஒப்பிடும். எல்லை மீறினால் ஏவுதலை நிறுத்தி வைக்கும். கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் முறையும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். அன்று இறுதிக் கட்டத்தில் கணினி, நிறுத்து என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருப்பதைக் காட்டியது. உடனிருந்த வல்லுநர்கள், கையிருப்புத் திரவம் போதுமென்று கணித்தனர். கணினியை விலக்கிவிட்டு ஏவ முடிவெடுத்தவர் கலாம். முதற்கட்டம் சரியாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் ஏவுகலம் கட்டுப்பாட்டை இழந்து, புறப்பட்ட 317 நொடிகளில் வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் அமைப்பிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துபோனதே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

வில்லியம்ஸின் குறை, இயந்திரம் எந்தத் தடயமும் தரவில்லை என்பது. முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டிருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் இயந்திரம் தடயத்தைத் தந்தது. மனிதர்கள் அதை எடைபோட்டதில் பிழை நேர்ந்தது. இவ்வளவும் இன்று பள்ளிக் குழந்தைக்கும் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் பிழைக்குப் பொறுப்பானவரே அதைத் தம் நூலிலும் மேடைகளிலும் ஓயாமல் சொன்னதுதான். 1980இன் வெற்றியை மட்டும் அவர் சொல்லியிருந்தால், 1979 நமக்கு ஒரு தேதியாகக்கூட மிஞ்சியிராது.

*

மீண்டும் கடைத்தெருவுக்கு வருவோம். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் நிலையான நினைவகத்தில் ஒரு சுயசோதனை நிரல் இருந்தது. மின்சாரம் வந்தவுடன் அது பாகங்களை வரிசையாகச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு சிற்றொலி. நினைவகப் பிழையைத் திரையில் 201 என்ற எண்ணும், விசைப்பலகைப் பிழையை 301 என்ற எண்ணும் அறிவிக்கும். காட்சி அமைப்பே பழுதென்றால் ஒரு நெட்டொலியும் இரண்டு சிற்றொலிகளும் வரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பழுது திரையிலேயே இருக்கக்கூடும் என்பதால், செய்தி திரையைத் தவிர்த்து வேறு வழியில் வர வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே சிந்தித்திருக்கிறார்கள். அப்படிச் சிந்திக்க ஒருவர் இருண்ட திரையின் முன் பலமுறை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்தச் சிறு ஒலிபெருக்கி இல்லை. அதற்குப் பதிலாக, பிராசசர், ராம், வரைகலை, பூட் என்ற நான்கு பெயர்களுக்கருகே நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எனது பலகையில் ராமுக்கான விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் மூன்று முறையும் திரையைத்தான் பார்த்திருந்தேன்.

அந்த இளைஞர் விளக்கைப் பார்த்தார். வரைகலை அட்டையைக் கழற்றி வைத்தார். பிராசசரிலேயே காட்சி வசதி இருப்பதால் அது இப்போது தேவையில்லை என்றார். வட்டுகளின் கம்பிகளைப் பிடுங்கினார். இரண்டு ராம்களையும் எடுத்தார். ஒன்றின் ஓர் ஓரம் பள்ளத்தில் முழுமையாக இறங்காமல், பக்கத்துக் கொக்கி திறந்தே இருந்ததைக் காட்டினார். ஒரு ராமை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாம் பள்ளத்தில் 'டக்' என்று ஒலிக்கும்வரை அழுத்தினார். பொத்தானை அழுத்தினார். திரை அப்போதும் இருண்டே இருந்தது. என் கை அணைக்கும் பொத்தானுக்குச் சென்றது. அவர் தடுத்து, "டீ தாகி ரண்டி அக்கா" என்றார். டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

திரும்பி வந்தபோது திரை ஒளிர்ந்திருந்தது. டிடிஆர்-5 வகை ராம் உள்ள புதிய கணினி முதன்முறை இயங்கும்போது, நினைவகத்தோடு பேசுவதற்கேற்ற மின்கால அளவுகளைத் தானே சோதித்து அமைத்துக்கொள்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. எனவே என் பிழைகள் இரண்டு. ராமைச் சரியாக அழுத்தவில்லை. அதைச் சரியாக அழுத்தியிருந்தாலும், அரை நிமிடத்துக்கொரு முறை அணைத்து அதன் வேலையைக் கலைத்திருப்பேன். மௌனத்தைப் பழுதென்று கொண்டது இரண்டாம் பிழை.

பின்னர் அவர் ஒவ்வொரு பாகமாகத் திரும்பச் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார். நாங்கள் வகுப்பில் 'கலம்', 'களம்' என்னும் சொல்லிணையைக் கொண்டு, பிற எல்லாம் மாறாதிருக்க ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுகிறதா என்று சோதித்து ஒலியன்களை நிறுவுவோம். அவர் செய்ததும் அதுவே. முழு இயந்திரத்துக்கு முன் முன்னோடி இயந்திரத்தைக் கட்டிய பம்பாய்க் குழுவினர் செய்ததும் இதே நெறிதான். இயங்கும் மிகச்சிறு கருவை முதலில் உறுதிசெய்; பிறகு ஒன்றொன்றாகச் சேர்.

*

தொடங்காத நாள்கள் மூன்று வழிகளில் வரலாற்றுக்கு வந்து சேர்கின்றன என்று இப்போது எனக்குப் படுகிறது. ஹார்வர்டு பதிவேட்டைப்போல் யாரேனும் எழுதி ஒட்டி வைக்கிறார்கள். வில்லியம்ஸையும் கலாமையும்போல் யாரேனும் வெட்கமின்றிச் சொல்கிறார்கள். அல்லது, எஃகுக் கதவாகவும் சிற்றொலியாகவும் மஞ்சள் விளக்காகவும், அறிவு பெயரிழந்து பொருளுக்குள் படிந்துவிடுகிறது. மூன்றாவதே மிகுதி. அந்த இளைஞரின் இரண்டு சொற்பாகுபாடும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்ததே. அவருக்குக் கற்றுத் தந்தவர் யார் என்று எந்த நூலும் சொல்லப்போவதில்லை.

முதல் இரண்டு வழிகளும் நம் கையில் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அக்காலத்திலும் அதற்குப் பின்னும் நம் பல்கலைக்கழகக் கணினி மையங்களில் துளை அட்டைகளோடு இரவுப்பணி பார்த்தவர்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கும் மாணவர்கள், இயந்திரம் என்று வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அது என்று ஓடவில்லை, அன்று என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். பதிவுசெய்யுங்கள். ஆய்வேடு எழுதுவோருக்கும் இது பொருந்தும். நம் பின்னிணைப்புகளில் இயங்கிய முறை மட்டுமே இருக்கிறது. இயங்காமற்போன முறைகளும் அடுத்தவருக்கு வேண்டும்.

மூன்றாம் இயலைக் குறித்த நாளில் ஆய்வுக் குழுவின் முன் வைத்துவிட்டேன். என் கணினியின் பக்கக் கதவுக்கு உட்புறம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். தேதி, அறிகுறி, காரணம், கண்டறிந்தவர் ஆகியவற்றை எழுதியபின் கடைசி வரியாக இதைச் சேர்த்தேன்: அணைப்பதற்கு முன் ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திரு.